சுண்ணாம்பு மறைத்த ஈரம்



கார்த்திகை மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலையில், நம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவனின் தாயார் மதரஸா வாசலில் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய முஸ்ஹஃப். அட்டையின் உட்புறமும் முதல் சில தாள்களும் கறுத்துப் பூசணம் பூத்திருந்தன. இதை என்ன செய்வது என்று கேட்டார். ஓத முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டால் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் அடக்கம் செய்யலாம் என்றோம். சுவரெல்லாம் இவ்வாறு பூத்திருக்கும் அறையில் தொழலாமா என்பது அடுத்த கேள்வி. தொழலாம், பூசணம் நஜீஸ் அல்ல என்றோம். அவர் உடனே போய்விடவில்லை.

“அஞ்சு மாசமா வாடகை கொடுக்கல, ஹஜ்ரத். வீட்டுக்காரம்மா ஜமாஅத்துல எழுதிக் கொடுத்துட்டாங்க. நாங்க செஞ்சது ஹராமா?”

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நாம் கிதாபைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதற்கு அன்றிரவு முழுவதும் திறந்து வைத்திருந்தோம்.

அந்தக் குடும்பம் சித்திரையில் குடியேறியது. கணவர் போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் மூட்டை சுமப்பவர். வீடு பார்க்கப் போன அன்று சுவர்கள் பால்போல் வெளுத்திருந்தன; சுண்ணாம்பின் மணம்கூட மாறவில்லை. ஆடிச் சாரலில் உள்ளறைச் சுவரின் மேல்மூலையில் தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் தெரிந்தது. ஐப்பசியில் அது கரும்பச்சையாகித் தரைவரை இறங்கியது. பிள்ளைக்கு இருமல் விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஓத வருவதில்லை. கணவர் ஒருமுறை வாய்மொழியாகச் சொன்னார். பதில் இல்லை. ஆடி மாத வாடகையை நிறுத்தியவர், அதன்பின் கொடுக்கவே இல்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் செல்வந்தர் அல்லர். கணவரை இழந்த முதிய பெண்மணி. அந்த வாடகைதான் அவருடைய அரிசி, அவருடைய மாத்திரை. ஐந்து மாதம் அவர் எவ்வாறு கழித்தார் என்பதை நாம் கேட்டபோது அவர் அழுதார். அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன், சுவரைக் கெடுத்தவர்கள் அவர்கள்தாம் என்பது அவர் வாதம். ஜன்னலைத் திறப்பதில்லை, ஈரத்துணியை உள்ளே காயப்போடுகிறார்கள், கதவை அடைத்துக்கொண்டு சமைக்கிறார்கள் என்றார்.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கக்கூடும். காற்றோட்டமில்லாத அறையில் மூச்சும் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூசணம் வளர்வதுண்டு. அது பெரும்பாலும் பீரோவின் பின்புறத்திலும் குளியலறைக் கூரையிலும் தெரியும். ஆனால் தளமும் சுவரும் சேரும் இடத்திலிருந்து கறை கீழிறங்கினால் அது மழைநீர்க் கசிவு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். மலையடிவாரத்தில் சரிவை வெட்டி, பின்சுவர் மண்ணோடு ஒட்டிக் கட்டிய வீடுகளில் இதைக் காணாதவர் இல்லை. இவ்விரண்டையும் ஜன்னல் திறந்து தீர்க்க முடியாது.

“உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்” என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. ரோச்டேல் நகரில் சூடான் நாட்டிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டுவசதி நிறுவனமொன்றின் அடுக்ககத்தில் குடியிருந்தது. பூசணம் பற்றித் தந்தை 2017இலிருந்தே முறையிட்டார். பூச்சு அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களுடைய குளியலையும் சமையலையும் குறை கண்டார்கள். 2020 டிசம்பரில் இரண்டே வயதான மகன் அவாப் இஸ்ஹாக் இறந்தான். நீண்டகாலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுறுப்பு நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில், சமூக வீடுகளின் உரிமையாளர்கள் இத்தகைய கேட்டைக் குறித்த காலத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அதை அக்குழந்தையின் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் ஊர்ச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் வேறுபாடு இல்லை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி நம்மில் பலர் ஜும்ஆ பயானில் கேட்டதுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இதைப் போடிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் வாட்டி, ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்ற அளவுக்கு வந்த பின்னரே மூட்டை கட்டுகிறோம். அதற்கு மேல் ஈரம் நின்றால் காய் நிறம் மங்கிப் பூசணம் பிடிக்கும். கையில் அள்ளிக் குலுக்கினாலே ஓசையில் கண்டுபிடித்துவிடும் வியாபாரிகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். ஈரக்காயை அடியில் வைத்து நல்ல காயை மேலே பரப்பியவரை அவர்கள் மறுபடி வாசலில் ஏற்றமாட்டார்கள். அதே மனிதர்கள், வாடகைக்கு விடும் வீட்டின் ஓதம் பூத்த சுவர்மேல் சித்திரையில் சுண்ணாம்பு அடிப்பதை மட்டும் சாமர்த்தியம் என்கிறார்கள்! மழை பெய்தது அந்த வணிகரின் குற்றமன்று. நனைந்ததும் குற்றமன்று.

ஃபிக்ஹில் வாடகை என்பது ‘இஜாரா’. விலை கொடுத்து வாங்கப்படுவது சுவரும் கூரையும் அல்ல. அவற்றில் குடியிருக்கும் பயன். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுத்த மஜல்லாவின் 529ஆம் விதி இந்த வழக்குக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. வீட்டைச் செப்பனிடுவதும், குடியிருப்புக்கு இடையூறானவற்றைச் சரிசெய்வதும் உரிமையாளரின் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம். ஆனால் குடியேறும்போதே குறையைப் பார்த்திருந்தால் அவர் அதற்கு இசைந்தவராகிறார். பின்னர் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. இவ்விடத்தில்தான் புதுச் சுண்ணாம்பு பொருட்படுகிறது. மறைக்கப்பட்ட குறையைப் பார்த்ததாக எவ்வாறு கொள்வது? “பார்த்துத்தானே வந்தீர்கள்” என்ற சொல் வெள்ளையடித்தவருக்கு உதவாது.

குடியிருப்பவருக்கும் அந்த விதியில் கசப்பான பகுதி இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றித் தாமே செலவழித்துச் செப்பனிட்டால் அது நன்கொடையாகவே கருதப்படும். திருப்பிக் கேட்க முடியாது. அவருக்குள்ள உரிமை வெளியேறும் உரிமை. உள்ளே இருந்துகொண்டு, மற்ற அறையையும் அடுப்படியையும் பயன்படுத்திக்கொண்டு, ஐந்து மாதம் ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருப்பது உரிமையாகாது. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பதும் நபிமொழிதான். அந்தத் தாயாரிடம் இதை மென்மையாகச் சொன்னோம். வசதியா, ஹஜ்ரத், என்று கேட்டார். அட்வான்ஸ் அங்கே முடங்கிக் கிடக்க, அடைமழையில் ஒரு சுமைக்கூலி எங்கே வீடு தேடுவார் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை.

நாட்டுச் சட்டம் சற்று வழி விடுகிறது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தரவேண்டும். கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பொறுப்பு. அவர் மறுத்தால் வாடகைதாரர் தாமே செய்து வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மிகாமல். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அறிவிப்புக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் காலி செய்யக் கோர இடமுண்டு. ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க எவருக்கும் உரிமையில்லை. போடிமெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ அறை எடுத்திருக்கும் நம்மவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் கழித்துக்கொள்ளச் சொல்கிறது, மஜல்லா அனுமதி கேட்கச் சொல்கிறது, எதைப் பின்பற்றுவது? அந்த அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் முரண் தீர்ந்தது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிக்கும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது (2:282). நாமோ ஆயிரக்கணக்கில் அட்வான்ஸ் வாங்கி, வாய்மொழியில் வீடு விடுகிறோம். (ஒத்திக்கு விடுபவர்கள் எழுதிக்கொள்கிறார்களே என்பீர்கள். பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் அந்த முறை வட்டியைத் தொட்டு நிற்கிறது; அதைத் தனியே எழுத வேண்டும்.) ஒப்பந்தத்தில் தொகையும் தேதியும் போதாது. எந்தச் சுவரில் கசிவு இருந்தது, தளம் எப்போது பூசப்பட்டது என்பதும் வேண்டும். கைப்பேசியில் சுவர்களைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

நமக்கு மிகுந்த வருத்தம் தருவது ஜமாஅத்தின் வழக்கம். பஞ்சாயத்து என்றால் அலுவலக மின்விசிறியின் கீழ் அமர்ந்து, “எத்தனை மாதம் பாக்கி?” என்று தொடங்குகிறோம். பாக்கிக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது, சுவருக்கு இல்லை. பள்ளிவாசலுக்குச் சொந்தமான வாடகை வீடுகளின் சுவர்களையும் நம்மில் எத்தனை பேர் மழைக்காலத்தில் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இந்த வழக்கில் முத்தவல்லியிடம் ஒன்றை மட்டும் வேண்டினோம்: தீர்ப்புக்கு முன் வீட்டைப் பார்த்துவிடுங்கள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு மூவர் போனார்கள்; வீட்டுக்கார அம்மாவும் உடன் வந்தார். பெரியவர் ஒருவர் பீரோவை நகர்த்தச் சொல்லிச் சுவரில் கை வைத்தார். எடுத்தபோது உள்ளங்கை ஈரமாயிருந்தது. மாடிக்கு ஏறியவர் தளத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பைக் கண்டார். அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. தம் கணவர் இருந்தவரை ஆண்டுதோறும் அதைத் தார் ஊற்றி அடைப்பார் என்று பிறகு சொன்னார்.

ஐந்தில் இரண்டு மாத வாடகையை அவர் விட்டுக்கொடுத்தார். மூன்று மாதத்தைத் தவணையில் தருவதாகக் குடியிருப்பவர் எழுதிக்கொடுத்து, இதுவரை தவறாமல் கட்டிவருகிறார். தளப்பூச்சுக்கு ஆகும் தொகையை பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகக் கொடுக்க ஜமாஅத் இசைந்தது. வாடகையில் மாதாமாதம் கழியும். பிள்ளை ஓத வருகிறான். அவனுக்குப் புது முஸ்ஹஃப் கொடுத்திருக்கிறோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், மதரஸா அலமாரியிலேயே இருக்கட்டும் என்கிறார் தாயார். கொத்தனார் நாளை, நாளை மறுநாள் என்று ஆடி முடியும்வரை இழுத்துவிட்டார். மலையில் சாரல் விழுந்துகொண்டிருக்கிறது.