நாம் எங்கே நிற்கிறோம் என்பது யாருக்குத் தெரிய வேண்டும்?

சென்ற சம்பளத்திற்கு அடுத்த நாள், பாடசாலை விட்ட நேரத்தில், கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் கைத்தொலைபேசியுடன் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பேர் போடுறதுக்கு இதுல ஒரு ஆப் போடச் சொல்றாங்க. நாங்க எந்த மலையில நிக்கிறோம்னு சாட்டிலைட் மேல இருந்து பாத்துச் சொல்லிருமாம். வேல முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் பாக்குமா?"

அவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ஜி.பி.எஸ். என்பது ஐக்கிய அமெரிக்கா தன் இராணுவத் தேவைக்காக அமைத்த செய்மதி வழிகாட்டி முறை. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் உண்டு. ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் போன் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். றேடியோப் பெட்டி பாட்டைக் கேட்பது போலத்தான் இதுவும். யார் கேட்கிறார்கள் என்று நிலையத்துக்குத் தெரியாது. அதுபோல் அந்த அக்கா யார் என்றும் செய்மதிக்குத் தெரியாது.

போன் கணக்கிட்ட இடத்தை நம் டேட்டாவிலேயே வேறொருவருக்கு அனுப்பி வைப்பது ஆப். எப்போதும் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டால், லயத்துக்குத் திரும்பிய பிறகும், கோயிலுக்கும் டவுனுக்கும் போகும்போதும், சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே அக்காவுக்கு நாம் சொன்ன பதில்: "ஆமா, பாக்க முடியும். வானத்துல இருந்து இல்ல, ஆபீசுல இருந்து."

இந்தத் தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. நம் லயத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் நம் கைக்குக் கிடைக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலி வந்தாலோ மண் சரிந்தாலோ 1990 அம்பியூலன்சுக்கு எந்த லயம், எந்தப் பாதை என்று சொல்லித் தவித்தவர்கள் நாம். அந்த நேரத்தில் போன் காட்டும் இடம் ஓர் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அங்கே அனுப்புவது நாம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் என்பதும் நமக்குத் தெரியும்.

அது தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பெண் ஊழியர், வேலை நேரம் முடிந்த பின்னும் தன்னைப் பின்தொடர்ந்த ஆப்பை போனிலிருந்து நீக்கினார். அதற்காகவே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதாக 2015இல் வழக்குத் தொடுத்தார். இந்தியாவின் சண்டிகாரில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டிவிட்டபோது, அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2018இல், ஓட்டப் பயிற்சிக்கான ஸ்ட்ராவா என்ற ஆப்பின் வரைபடம், அதைப் பாவித்த சிப்பாய்களின் தடங்களால் அமெரிக்க இராணுவ முகாம்கள் இருக்கும் இடங்களையே காட்டிக்கொடுத்தது. இராணுவத்தின் இரகசியமே இப்படி வெளிவரும் என்றால், தனியாக வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் போக்குவரத்து வெளிவர எவ்வளவு நேரம் ஆகும்?

"களவுப் பேர் போடுவதைத் தடுக்கத்தான்" என்று நிர்வாகம் சொல்லும். கொழுந்து எடுப்பவர் மலையில் நின்றாரா என்பதற்கு அவர் நிறுத்துக் கொடுத்த கொழுந்தே சாட்சி. அதற்கு மேல் எந்தச் சாட்சி வேண்டும்? போன் காட்டும் இடமும் பிசகாதது அல்ல. திறந்த வெளியில் 5 மீற்றர் அளவு பிசகும். மரத்தடியிலும் மலை மடிப்பிலும் அது இன்னும் கூடும். சரிவில் நின்று கொழுந்து எடுப்பவரை அடுத்த மலையில் நிற்பதாகப் போன் காட்டினால், பற்றரி இறங்கினால், அரைப்பேர் யார் தலையில் விழும்? தராசில் கழிக்கும் கிலோவுக்கே நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தராசையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது.

சட்டமும் இதைப் பேசுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இருக்கும் இடம் பற்றிய தகவலையும் கருத்தில் கொள்கிறது. தகவலை எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் ஒத்திவைக்கப்பட்டது. சட்டம் வரும்வரை சங்கம் சும்மா இருக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். இப்படியான எந்த ஆப்பும் சங்கத்தோடு பேசி, எழுத்தில் உடன்பட்ட பிறகே வர வேண்டும். சொந்தப் போனில் போடும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை முடிந்த நிமிடத்தோடு அது நிற்க வேண்டும். போன் காட்டியதை மட்டும் வைத்து எவருடைய பேரையும் வெட்டக் கூடாது. சேர்த்த தகவலைத் தொழிலாளி கேட்டால், தமிழில் காட்ட வேண்டும்.

இன்றே நாம் செய்யக்கூடியதும் உண்டு. போனின் செட்டிங்கில் லொகேஷன் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு ஆப்புக்கும் "பாவிக்கும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். தேவையில்லாதவற்றுக்கு அனுமதியை நிறுத்துங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் போனையும் பாருங்கள். கடையிலோ வேறெவரோ செட் பண்ணிக் கொடுத்த போனில், இடம் யாருக்காவது போய்க்கொண்டிருக்கலாம். தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், பாடசாலைக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள்.

அந்த அக்கா இன்னும் ஆப்பைப் போடவில்லை. "சங்கத்துல பேசிட்டுச் சொல்றோம்" என்று பெரட்டுக்களத்திலேயே சொல்லிவிட்டாராம். ஒருவர் சொன்னால் அது மறுப்பு. எல்லாரும் சேர்ந்து சொன்னால் அது பேச்சுவார்த்தை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுப்போம்.