அலமாரியில் நிற்கும் ராக்கெட்

பிள்ளைகளின் பொழுதுபோக்கு எதுவாயினும், அது வீட்டில் எவ்விடத்தில் வைக்கப்படுகிறது என்று கேட்டறிவது பெற்றோர் கடமை. தபால்தலைகளுக்கு ஒரு மேசை அறை போதும். வண்ண மீன்களுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி போதும். ஆனால் அமெரிக்க இல்லங்களில் சிறுவர் செய்து வானில் ஏவும் மாதிரி ராக்கெட் அத்தகையதன்று. அதன் உடல் காகிதம். அதன் உயிர் கருமருந்து. இவ்விரண்டையும் எவ்வாறு காப்பது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். அந்நாட்டில் குடியமர்ந்த மக்களையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் நம் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

இப்பொழுதுபோக்கு பிறந்ததே பாதுகாப்பை முன்னிட்டுத்தான் எனலாம். நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் நகரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர், 1954-ஆம் ஆண்டில் தம் உடன்பிறந்தார் இராபர்ட்டுக்காகக் காகிதக் குழாயில் ஒரு சிறு ராக்கெட் செய்தார். 1957-இல், இளைஞர் தாமே ராக்கெட் செய்து விபத்துக்குள்ளாவதைக் குறித்து ஹாரி ஸ்டைன் என்னும் ராக்கெட் பொறியாளர் எழுதிய கட்டுரையைக் கண்டு, தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் வானில் ஏறியதும், சிறுவர் கூட்டம் வீட்டு நிலவறைகளில் மருந்து கலக்கத் தொடங்கியது. காயமுற்றோரும் உண்டு, உயிரிழந்தோரும் உண்டு. ஆகவே, மருந்தைச் சிறுவர் தொடலாகாது. ஆலையில் அடைத்து வரும் மோட்டாரையே பயன்படுத்தவேண்டும். ராக்கெட்டின் மூக்கு, உடல், இறக்கை எதிலும் உலோகம் கூடாது. நெருப்புக் குச்சியால் பற்றவைக்காமல், தள்ளி நின்று மின்சாரத்தால் ஏவவேண்டும் என்ற விதிகள் எழுந்தன. சிறிய மோட்டாராயின் 15 அடியும், பெரியதாயின் 30 அடியும் விலகி நிற்கவேண்டும் என்பது இன்றும் விதி.

ஏவும் நாளில் இவ்விதிகளை ஊன்றிக் கடைப்பிடிப்போர், மற்ற நாள்களில் மறந்துவிடுவதுண்டு. ராக்கெட் வானில் இருப்பது சில விநாடிகள். வீட்டில் இருப்பதோ பல ஆண்டுகள். எனவே நாம் வற்புறுத்துவது ஒரே விதி: காட்சிக்கு நிற்கும் ராக்கெட்டினுள் மருந்துள்ள மோட்டார் இருத்தலாகாது. உடல் கூடத்தில் நிற்கட்டும். மோட்டார் வேறிடத்தில், பூட்டினுள், பெரியோர் கைச்சாவியில் இருக்கட்டும்.

மோட்டாருக்கு வேண்டியவை மூன்று: வறட்சி, குளிர்ச்சி, சீரான வெப்பநிலை. காரின் பின்பெட்டியிலும், கூரையடிப் பரணிலும், அடுப்பருகிலும் அதை வைத்தல் தவறு. காரணம் எளிது. அழுத்தி இறுக்கிய கருமருந்தும் அதைச் சுற்றிய காகிதக் கூடும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. குளிரில் ஒரே அளவாகச் சுருங்குவதுமில்லை. வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கினால், மருந்து கூட்டினின்றும் விலகி நூலிழை இடைவெளி உண்டாகும். பற்றவைக்கும்போது நெருப்பு அவ்விடைவெளியில் பாய்ந்து, மெல்ல எரியவேண்டிய மருந்து ஒரேயடியாய் எரியும், மோட்டார் வெடிக்கும். புறத்தே பார்த்தால் பழுது ஏதும் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து.

பற்றவைக்கும் கம்பிகளைத் தனிப் பெட்டியிலும், பாட்டரிகளை வேறொரு பெட்டியிலும் வைத்தல் நலம். மோட்டார்களை அவை வந்த உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கலாகாது. உறையிலுள்ள எச்சரிக்கையும் வகைக் குறியும் அவற்றோடு இருக்கவேண்டும். நனைந்தது, நசுங்கியது, வெப்பத்தில் கிடந்தது என்ற ஐயமுள்ள கருமருந்து மோட்டாரை நீரில் ஊறவைத்து, காகிதக் கூடு பிரிந்து மருந்து கரைந்தபின் எறிந்துவிடுக. அடுப்பில் இடுவது கொடிய அறிவீனம்.

இனி, உடலைப் பேணும் வகை. இறக்கைகள் பெரும்பாலும் பால்சா என்னும் மென்மரத்தாலானவை. ராக்கெட்டை அவற்றின் மேல் நிறுத்திவைத்தால், நாளடைவில் பாரத்தால் வளையும்; வளைந்த இறக்கையுடன் ஏவிய ராக்கெட் கோணலாய்ப் பாயும். ஆகவே ஒரு பலகையில் மரக்குச்சியை நட்டு, அதன்மேல் குழாயைச் செருகி நிறுத்துக. எரிந்து முடிந்த மோட்டாரின் வெற்றுக்கூட்டைப் பலகையில் ஒட்டி அதையே தாங்கியாக்குவோரும் உளர். அது சிக்கனமான முறை. வெற்றுக்கூடுதானா என்று முதலில் பெரியோர் ஒருவர் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். நீண்ட ராக்கெட்டுகளைப் பெட்டியில் படுக்கவைத்து, இறக்கை தரையில் படாதபடி இருபுறமும் மெத்தென்ற தாங்கல் கொடுக்கலாம்.

வெயில் படும் சன்னலருகில் வைத்தால் வண்ணமும் ஒட்டுப்படங்களும் வெளுக்கும்; காகிதக் குழாய் ஈரத்தில் ஊறினால் உறுதி இழக்கும். கண்ணாடிக் கதவிட்ட அலமாரியே சிறந்தது. உள்ளிருக்கும் பாரசூட்டை மடித்தபடியே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் மடிப்பு படிந்து, வேண்டும் நேரத்தில் விரியாது. அதை வெளியே எடுத்து விரித்து வைத்து, ஏவும் நாளில் முகப்பவுடர் தூவி மடித்தல் வேண்டும். மூக்கையும் உடலையும் இணைக்கும் ரப்பர் நாணையும் இழுத்துப் பார்த்து, வெடிப்புக் கண்டால் மாற்றுக. அது அறுந்தால் மூக்கும் உடலும் தனித்தனியே கீழே நிற்போர் மேல் விழக்கூடும்.

ராக்கெட்டைக் காட்சிக்கு வைப்பது நமக்கு அந்நியமானதன்று. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் இசைவால் விண்வெளி ஆய்வுக்கு அளிக்கப்பட்ட புனித மகதலேன் மரியாள் ஆலயம், 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்த அந்நிலையத்தின் தொடக்ககாலப் பணிமனையாய் இருந்தது. இன்று விண்வெளிக் காட்சியகமாய்த் திகழ்கிறது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வியக்க, அங்கே வைத்திருக்கும் உடலே போதுமானதாயிருக்கிறது.

ஆகையால் பெற்றோரே, பேரப்பிள்ளையின் அலமாரியைப் பாராட்டும்போது, "மோட்டார் எங்கே, சாவி யாரிடம்?" என்று அன்போடு கேளுங்கள். விடை சொல்லக் கற்ற பிள்ளை, பொறுப்பையும் உடன் கற்றுக்கொள்கிறான்.