எஞ்சினின் வலுவும் சிசி என்னும் மாயையும்

நம்மவர் ஒருவர் புதிதாகக் கார் வாங்கினால் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி ‘எத்தனை சிசி?’ என்பதே. கேட்பவரை மன்னித்துவிடலாம். அதே கேள்வியைக் கேட்டு, அதன் விடையை வைத்தே வரி அறவிடும் அரசாங்கத்தை மன்னிக்க இயலாது.

சிசி என்பது உருளைகளுக்குள் பிஸ்டன்கள் பெயர்க்கும் வெளியின் அளவு. அது பாத்திரத்தின் அளவேயன்றி, பாத்திரத்திலுள்ள உணவின் அளவன்று. எஞ்சினின் முதன்மையான உணவு காற்று. பெற்றோலை எவ்வளவும் தெளிக்கலாம்; அதனை எரிக்கக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்றுத் தேவை.

1.5 லீற்றர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 தடவை சுழல்கிறது என்று கொள்வோம். இரு சுழற்சிக்கு ஒரு முறையே உருளைகள் நிறைவதால், அது நிமிடத்தில் 4500 லீற்றர், அதாவது சுமார் 5.4 கிலோகிராம் காற்றை உள்ளிழுக்கும். அவ்வளவு காற்றிலிருந்து பெறக்கூடியது சுமார் 120 குதிரைவலு. சுப்பர்சார்ஜர் பொருத்திக் காற்றைத் திணித்தால், ஒரு சிசியும் கூடாமலே வலு கூடிவிடும்.

பந்தயக்காரர் இதனை அன்றே அறிந்திருந்தனர். 1951 இல் ஃபோர்முலா 1 விதி, சுப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்கு 1.5 லீற்றரும் இல்லாததற்கு 4.5 லீற்றரும் அனுமதித்தது. அல்ஃபா ரோமியோ 159 தனது 1.5 லீற்றரிலிருந்து ஏறத்தாழ 425 குதிரைவலுவைப் பெற்றது. மூன்று மடங்கு பெரிய ஃபெராரி 375 பெற்றது ஏறத்தாழ 380 மட்டுமே.

‘அப்படியாயின் அமுக்கத்தை இரட்டித்தால் வலுவும் இரட்டிக்கும்’ என்று துள்ளும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் பிழையே. அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சூடேறினால் அடர்த்தி குறையும். 70 சதவீத வினைத்திறனுள்ள அமுக்கி, அமுக்கத்தை இரட்டிக்கும்போது 27 பாகைக் காற்றைச் சுமார் 120 பாகைக்கு ஏற்றிவிடும். அதனைக் குளிரூட்டாவிடின் உள்ளே செல்வது ஒன்றரை மடங்கு காற்றே. சுப்பர்சார்ஜரைச் சுழற்றும் வலுவும் எஞ்சினிடமிருந்தே பிடுங்கப்படுகிறது. அல்ஃபாவும் விலை கொடுத்தது. அதன் எரிபொருட் பசி அடங்காதது. 1951 ஜூலையில் சில்வர்ஸ்ரோனில் ஃபெராரி தனது முதலாவது உலகச் சம்பியன் பந்தய வெற்றியைப் பெற்றதற்கு அப்பசியும் ஒரு காரணம்.

இனி வரிக்கு வருவோம். இத்தாலி 2 லீற்றருக்கு மேற்பட்ட கார்களுக்குக் கூடிய வரி விதித்திருந்தது. ஃபெராரி 1980 இல் 1991 சிசி எஞ்சினுடன் 208 ஐ வெளியிட்டது, வலு 155. இரண்டே ஆண்டுகளில் அதே 1991 சிசிக்கு டேர்போவைப் பொருத்தி 220 ஆக்கியது. 1980 இல் வந்த 2.9 லீற்றர் 308 இற்கே 214 தான். வரியாளர் பாத்திரத்தை அளந்துகொண்டிருக்க, காற்று பின்கதவால் நுழைந்தது.

எமது நாட்டிலும் இதுவே கதை. ஜப்பானின் விற்ஸ் 996 சிசி, வலு 68. டேர்போ பூட்டிய ஹொண்டா சிவிக் 988 சிசி, வலு 127. இரண்டும் 1000 சிசிக்கு உட்பட்ட ஒரே வகுப்பு. பெறுமதி மீதான வரிகள் வேறு. ஆனால் எஞ்சினை அளக்கும் கோலின் முன், ஏறத்தாழ இரு மடங்கு வலுவுள்ளது எட்டு சிசி சிறியதாகிவிடுகிறது!

வலுவை அளக்க அரசாங்கத்துக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. மின்சார வாகனங்களுக்கான உற்பத்தி வரியைக் கிலோவாற்றைக் கொண்டே அது கணக்கிடுகிறது. ஒன்றுக்கு வலு, மற்றதற்குப் பாத்திரமா?

சிறிய டேர்போ எஞ்சின் நிதானமாக ஓட்டும்போது எரிபொருளைச் சேமிக்கும் என்பர். உண்மைதான். நோக்கம் அதுவாயின், நூறு கிலோமீற்றருக்குச் செலவாகும் எரிபொருளுக்கு வரி விதியுங்கள். நோக்கம் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்துவதாயின் வலுவுக்கும் விலைக்கும் விதியுங்கள். இரண்டையும் அளக்காத ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு, சிறிய வருமானத்தில் பழைய 1500 சிசி கார் வாங்குபவனைத் தண்டிப்பது நீதியன்று.