சட்டம் படித்தோம், தேடப் படித்தோமா?

2010ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சட்டப் படிப்பை முடித்த கையோடு ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேம்பரிங் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் மூத்த வழக்கறிஞர் என் மேசையில் ஒரு கோப்பை வைத்தார். முதியவர் ஒருவரின் நிலம், அவருக்கே தெரியாமல், போலிக் கையெழுத்தால் இன்னொருவர் பெயருக்கு மாறியிருந்தது. வாங்கியவரும் பாவம், உண்மை தெரியாமல் முழுப் பணம் கொடுத்து வாங்கியவர். பெரியவருக்கு நிலம் திரும்பக் கிடைக்குமா? மாலைக்குள் குறிப்பு எழுதித் தர வேண்டும்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. நிலச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவன் நான். தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். விரிவுரைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அடோர்னா பிராப்பர்ட்டீஸ் வழக்கு இருந்தது. பினாங்கு, தஞ்சோங் புங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்குச் சொந்தமான நிலத்தை, அவரைப் போல் நடித்த ஒருவர் விற்றுவிட்டார். நல்லெண்ணத்தோடு வாங்கியவரின் உரிமையை அசைக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. மூன்று பக்கம் எழுதி, வழக்குத் தொடுத்துப் பயனில்லை என்று முடித்தேன்.

மூத்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. “தம்பி, நீங்க பேப்பர் படிக்கிறதில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அதே ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தான் யிங் ஹோங் வழக்கில், அடோர்னா தீர்ப்பு தவறானது என்று கூட்டரசு நீதிமன்றமே கூறிவிட்டது. போலிப் பத்திரத்தின் வழி நேரடியாக உரிமை பெற்றவர், நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், அந்த உரிமையை நீக்க முடியும். அவரிடமிருந்து விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கும் அடுத்தவருக்குத்தான் 340ஆவது பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அதாவது, வெல்லக்கூடிய வழக்கைக் கைகழுவிவிடும்படி ஒரு முதியவருக்கு நான் எழுத்தில் ஆலோசனை சொல்லியிருந்தேன். மூத்தவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சோம்பேறித்தனம் என்று என்னைத் திட்டலாம். திட்டுங்கள். ஆனால், ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என யாரும் எனக்குச் செய்து காட்டியதில்லை. முதலாமாண்டில் ஒரு மணி நேரம் கணினிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தரவுத்தளம் விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி பெரிய திரையில் எதையெதையோ தட்டிக் காட்டினார். கடவுச்சொல்லும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். பேனா நன்றாகத்தான் எழுதியது.

நீச்சலைக் கரையில் நின்று கற்பிக்க முடியாது. சட்டத் தேடலும் அப்படித்தான். தனிப்பாடமாகவே வைத்தாலும், அதை விரிவுரையாக நடத்தித் தேர்வில் “முதன்மை ஆதாரங்கள் யாவை?” என்று கேட்டால் பயன் இல்லை. ஒரு சிக்கலைக் கொடுங்கள்; ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். மாணவர் எந்த நூலை முதலில் திறந்தார், எந்தச் சொற்களை இட்டுத் தேடினார், எங்கே முட்டிக்கொண்டு திரும்பினார், ஏன் அங்கே நிறுத்தினார் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்தக் குறிப்பேட்டுக்கே கொடுங்கள். சிக்கலுக்குள் ஒரு பொறியும் இருக்கட்டும்: நிராகரிக்கப்பட்ட தீர்ப்பு ஒன்று, திருத்தப்பட்ட பிரிவு ஒன்று.

நான் அந்த மூன்று பக்கக் குறிப்பை, பெயர்களை அழித்துவிட்டு, இன்னும் வைத்திருக்கிறேன். என்னிடம் சேம்பரிங் செய்ய வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒருவர் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தார். இன்னொருவர் அரை நாள் கழித்து வந்து, நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார்!

வழக்கு மட்டுமல்ல, சட்டமும் வழுக்கும். 2022இல் வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வரும் என முதலில் அறிவித்தார்கள். பிறகு 2023 ஜனவரி 1க்குத் தள்ளி வைத்தார்கள். இடைப்பட்ட அந்த நான்கு மாதங்களில் பிள்ளை பெற்ற ஒரு தொழிற்சாலைப் பெண், ‘எனக்கு எத்தனை நாள்?’ என்று கேட்டால், முதல் அறிவிப்பை மட்டும் படித்தவர் தவறாகத்தான் சொல்லுவார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய நாள் வேறு, அரசிதழில் வெளியான நாள் வேறு, நடப்புக்கு வந்த நாள் வேறு. இது பாடநூலில் ஒரு வரி; கையால் ஒருமுறை தேடிப் பார்த்தவர்தான் மறக்கமாட்டார்.

மொழியும் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் வருகின்றன, மலாயிலும் வருகின்றன. ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டுத் தேடுகிறவருக்கு மலாய்த் தீர்ப்புகள் கண்ணில் படாமலே போகலாம். இருமொழியும் அறிந்த நம் மாணவர்களே இதை மறந்துவிடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் சேம்பரிங்கில் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். சேம்பரிங் ஒன்பது மாதம். பெரும்பகுதி கோப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடுவதில் போய்விடும். அதோடு பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழகக் கடவுச்சொல் செத்துவிடும். சிறு நிறுவனங்களில் கட்டணத் தரவுத்தளம் ஒன்று இருந்தாலே பெரிது. நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகளையும், சட்டத்துறைத் தலைவர் அலுவலகத் தளத்தில் கூட்டரசுச் சட்டங்களையும் இலவசமாகப் படிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் அப்படித்தான், இல்லாத வழக்குகளை இருப்பதாக எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அபராதம் 5,000 டாலர். மானம் போனது தனிக்கணக்கு. கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது சொன்ன வழக்கைத் திறந்து படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்கிறேன்.

இதை நம் தமிழ்ப் பேரவையின் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வழக்கறிஞர் குடும்பத்திலிருந்து வந்த என் சக மாணவருக்குச் சந்தேகம் வந்தால், இரவு உணவு மேசையில் அப்பாவிடம் கேட்பார். என் அப்பா லாரி ஓட்டினார். நம்மில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள், கேட்க ஆளில்லாதவர்கள். பாடத்திட்டம் மாறும்வரை இவர்கள் காத்திருக்க முடியாது.

பேரவை பட்டிமன்றத்துக்கும் கலை நிகழ்ச்சிக்கும் முன்னாள் மாணவர்களை அழைக்கிறது. நாங்களும் வந்து மாலை போட்டுக்கொண்டு போகிறோம். அடுத்த தவணையில் இரண்டு சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு அழையுங்கள். ஆளுக்கு ஐந்து சட்ட மாணவர்களோடு உட்கார்ந்து, ஒரு சிக்கலைத் தொடக்கம் முதல் முடிவுவரை தேடிக் காட்டுகிறோம். நான் வருகிறேன். இன்னும் இரண்டு நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல்களை நாங்கள் கொண்டுவருகிறோம். மாணவர்கள் மடிக்கணினியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்தால் போதும்.