கால் விறைப்பைச் சும்மா விடாதீர்கள்



பாதம் எரிகிறது, விரல் விறைக்கிறது என்று சொல்லும் சீனி வருத்தக்காரர் பலர் வெள்ளவத்தையில் வைட்டமின் குளிசையோடு நின்றுவிடுகிறார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தோலில் மின்வாய் ஒட்டி, சுரீரென்று சிறு மின்துடிப்புக் கொடுத்து, அது நரம்பில் ஓடும் வேகத்தையும் வலுவையும் அளப்பார்கள். வேகம் மிகக் குறைந்தால் நரம்பின் உறையில் பழுது. வலு குறைந்தால் பெரும்பாலும் நரம்பிழையிலேயே பழுது. குளிர்ந்த கால் வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால் முதலில் காலைச் சூடாக்குவதும் உண்டு.

இலங்கைக்கு இந்தப் பரிசோதனை புதிதல்ல. 1977-78இல் தேயிலைத் தோட்டப் பகுதியில் 20 இளம்பெண்களுக்குக் கைகால் சோர்ந்தது. சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. வைத்தியர் நிமால் சேனாநாயக்க அந்தப் பெண்களை நரம்புப் பரிசோதனையோடு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 1981இல் எழுதினார். நம் பிள்ளைகளின் வேதனையில் பிறந்த அறிவு அது.

ஆனால் மெல்லிய நரம்பிழைகளின் பழுது இந்தப் பரிசோதனையில் தெரியாது. முடிவு சரியாக வந்தாலும் எரிவைப் பொய் என்று தள்ளக்கூடாது. சீனி கிளினிக்குகளில் ஆண்டுக்கொருமுறையாவது பாதத்தைத் தொட்டுச் சோதித்து, சந்தேகமானவர்களை இப்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். விளக்கத் துண்டு தமிழிலும் வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6