மலை இறங்கியதும் வண்டியைத் திருப்பிவிடுகிறோமே!

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே குடும்பத்தில் சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். திருப்பதியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் அது.

சொந்தபந்தங்களோடு வேனில் போகும்போதெல்லாம் இதே கதைதான். 300 ரூபாய் தரிசனம், லட்டு, அலமேலுமங்காபுரம், ராத்திரிக்குள் வீடு. சந்திரகிரிக்கு ஒரு எட்டு போய் வரலாமே என்று நான் வாயைத் திறந்தால், “இடிஞ்ச கோட்டைல என்னண்ணே இருக்கு, டிராபிக்ல மாட்டிக்குவோம்” என்பார் டிரைவர் தம்பி. வேன் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். இதே சொந்தங்கள் லீவு போட்டு, கைக்காசைக் கரைத்து, ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்குப் போய் வருகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் இருப்பதை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று வயிறு எரிகிறது.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு, பெனுகொண்டாவுக்கு அடுத்து ராயர்கள் தலைநகராக்கிக்கொண்ட இடம் சந்திரகிரி. அங்கே ராஜ மகால் மூன்று அடுக்காக நிற்கிறது. தளத்தைத் தாங்க மர உத்திரமே கிடையாது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான், வளைவுக்கு மேல் வளைவாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் சாவியால் கீறிப் பெயர் எழுதிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! 1639-ல் சென்னைப் பட்டினத்து மண்ணைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த தாமர்ல நாயக்கர், இந்த ராயர்களுக்குக் கட்டுப்பட்டவர். சென்னைக்காரர்களுக்கே இது தெரியவில்லை.

கோயிலுக்குள்ளேயும் அப்படித்தான். திருமலை மகாத்துவாரத்தைத் தாண்டியதும் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கிறார். ‘ஜருகண்டி’ சத்தத்தில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஏர்ப்பேடு பக்கம் குடிமல்லம் இருக்கிறது. அங்குள்ள லிங்கம் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று அறிஞர்கள் பலர் கணிக்கிறார்கள். ஐந்தடி உயரம். முன்பக்கத்தில் சிவன், ஒரு கையில் ஆட்டுக்கிடா, தோளில் மழு, காலடியில் குள்ள உருவம். அந்தக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. பக்கத்துக் காளஹஸ்திக்கு ராகு-கேது பூஜைக்கென்று பஸ் பஸ்ஸாகப் போகிறவர்கள் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் சரிந்து விழுந்தது. நின்றிருந்தவரை நிமிர்ந்து பார்க்காதவர்கள் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து உச்சுக்கொட்டினார்கள். இப்போது நிற்பது புதிதாகக் கட்டியது.

டூர் நடத்துகிறவர்களே, உங்கள் பட்டியலில் சந்திரகிரிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் கிளம்பும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், மலை இறங்கிய பிறகு சொன்னால் நடக்காது. கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.