பாய்மரப் படகு வாங்கும் குடும்பத்துக்குப் பசிபிக் எதற்கு?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய அனாபொலிஸ் நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கிறது. புதுப் படகுகள் பளபளவென்று வரிசைகட்டி நிற்கும். ஏறிப் பார்க்கும் குடும்பங்கள் விலையைக் கேட்டதும் மெல்ல இறங்கிவிடும். அதே வட்டாரத்தின் ஓடைகளிலும் துறைகளிலும் நாற்பது வயதான முப்பதடிப் படகுகள் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலருக்கு விற்பனை அட்டையுடன் கட்டிக் கிடக்கும். புதுக் காருக்கே யோசிக்கிற சம்பளக்காரர்கூடப் படகுக்காரர் ஆகிவிடலாம். ஆகிவிடுகிறார்கள். சில கோடைகள் கழித்து அதே அட்டையை அதே படகில் அவர்களே மாட்டுவதும் நடக்கிறது.

இவ்வளவு மலிவு எப்படி வந்தது? ஃபைபர் போட்டு என்றால் நம் ஊர்க் கடற்கரையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்து அச்சில் வார்க்கும் அந்த முறைக்கு அமெரிக்கப் பாய்மரப் படகுத் தொழிலில் பெரிய திறப்பு 1959-இல் கிடைத்தது. அந்த ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சிக்குப் பியர்சன் நிறுவனம் ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகைக் கொண்டுவந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற விலை. மரப்படகுபோல் ஆண்டுக்கு ஆண்டு கலப்பத்து பார்க்கும் வேலையும் இல்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட ட்ரைட்டன்கள் கட்டப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் மற்ற தொழிற்சாலைகளும் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளின. மரம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். ஃபைபர் லேசில் அழியாது. வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது, படகு மட்டும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் நீளத்தை அளந்து அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் துறைவாடகை வேறு ஏறுகிறது. அந்த வாடகையிலிருந்து தப்பிக்கவே பலர் விற்கிறார்கள், சிலர் சும்மாவே கொடுக்கிறார்கள்.

சும்மா கிடைக்கும் படகை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கைவிடப்பட்ட படகுகளை அப்புறப்படுத்தவென்றே வாஷிங்டன் மாநிலம் 2002-இல் தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. ஃபைபர் உடலை உடைத்துக் குப்பைக்கு அனுப்பக் காசு வேண்டும். இலவசமாக வாங்கியவர் தலையில் கடைசியில் அந்தச் செலவுதான் விடியும்.

காசு கொடுத்து வாங்குவோரை வேறொரு ஆசை பிடித்தாட்டுகிறது. பழைய படகு தேடத் தொடங்கிய குடும்பத்தின் காதில் முதலில் விழுவது, பெருங்கடலைத் தாண்டவல்ல கனத்த படகுதான் பத்திரம் என்ற உபதேசம். வாரக்கடைசியில் பிள்ளைகளோடு பத்து மைல் போய் நங்கூரம் போட்டுக் குளித்துவிட்டுத் திரும்பப்போகிறவருக்கும் இதே உபதேசம்தான். வெஸ்ட்செயில் 32 போன்ற படகுகள் இந்தப் பேச்சின் நாயகர்கள். 1991-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் சடோரி என்ற வெஸ்ட்செயில் 32-இல் இருந்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாமல் விடப்பட்ட படகோ, சில நாள் கழித்து மேரிலாந்தின் அசடீக் தீவுக் கரையில் பெரிய சேதமில்லாமல் ஒதுங்கிக் கிடந்தது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெஸ்ட்செயில் வாங்க ஆசைப்படாதவர் குறைவு.

கதை உண்மைதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. வெஸ்ட்செயில் 32 கிட்டத்தட்ட ஒன்பது டன் எடை. செசபீக்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதக் காற்று பல நாள் பெயருக்குத்தான் வீசும். அந்தக் காற்றில் இந்தக் கனம் நகராது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நாள் முழுக்க இன்ஜினை ஓட்டுவார்கள். புழுக்கத்தில் பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்கும். அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் கீல் முழுநீளத்துக்கும் ஓடும் இந்த வகைப் படகைத் துறையில் பின்னோக்கி எடுப்பது பழகியவருக்கே சோதனை. புயலைத் தாங்கும் வலுவுக்குக் காசு கொடுத்தவர் அதைப் பயன்படுத்தாமலே விற்பார். விற்காமல் பயன்படுத்தும் நிலை வந்தால் அது இன்னும் மோசம்.

அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. ரெபல் ஹார்ட் என்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் 36 படகில் ஓர் இளம் அமெரிக்கத் தம்பதி, மூன்று வயதும் ஒரு வயதுமான இரு பெண் குழந்தைகளுடன் 2014-இல் மெக்சிகோவிலிருந்து பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டார்கள். கனத்த பெருங்கடல் படகுகளில் மதிக்கப்படும் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன். கரையிலிருந்து சுமார் 900 மைல் தொலைவில் கைக்குழந்தைக்கு நோய் முற்றியது. மீட்புப்படையினர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். பிறகு கடற்படைக் கப்பல் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த படகை அங்கேயே மூழ்கடித்துவிட்டார்கள். பெற்றோரைத் திட்டியவர்களும் தாங்கியவர்களுமாக ஊர் இரண்டுபட்டது. திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் படகில் கால் வைத்தவர்களாகத் தெரியவில்லை, அது போகட்டும். படகின் வகைப் பெயர் மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

பெருங்கடலுக்கே பெரிய படகுதான் வேண்டும் என்பதும் இல்லை. எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் ஓட்டியது மும்பையில் கட்டிய 32 அடித் தேக்குப் படகு சுஹைலி. அந்தப் பயணத்தின் நினைவாக இப்போது நடக்கும் கோல்டன் குளோப் போட்டியில் 32 முதல் 36 அடி வரையுள்ள, 1988-க்கு முன் வரையப்பட்ட வடிவங்களுக்கே அனுமதி. நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2023-இல் இரண்டாமிடம் பிடித்தது ரஸ்லர் 36 என்ற அத்தகைய பழைய வடிவத்தில்தான். 1979 ஆகஸ்டில் அயர்லாந்துக்குத் தெற்கே ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியைப் புயல் தாக்கிப் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் போட்டியை முடித்தது அசென்ட் என்ற கன்டெஸா 32 ஒன்று மட்டுமே. ஆட்கள் விட்டுவிட்டு இறங்கிய 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான்.

அப்படியானால் குடும்பம் எதைத் தேடலாம்? சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான படகை. கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கேட்டலினா நிறுவனத்தின் கேட்டலினா 30 நல்ல உதாரணம். 1970-களின் நடுவில் தொடங்கி 2008 வரை ஆறாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். எடை நாலரை டன் சொச்சம். அகலம் கிட்டத்தட்ட 11 அடி என்பதால் உள்ளே நான்கு பேர் முட்டிக்கொள்ளாமல் உட்காரலாம், ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இதை வைத்துத் துறையில் யாரும் பொறாமைப்படப் போவதில்லை. ஆனால் இதில் என்னென்ன கெடும் என்பது நாற்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானவர்கள் அனுபவித்துப் பார்த்த சங்கதி. உதிரி கிடைக்கும், வழி சொல்ல ஆள் கிடைக்கும், திரும்ப விற்கும்போது வாங்கவும் ஆள் கிடைக்கும். அபூர்வமான அழகிய படகுக்கு இந்த மூன்றும் இல்லை.

இதன் நோய்கள் வாங்கப் போகுமுன்பே தெரிந்தவை. படகின் உடலும் கீலும் சேரும் இடத்தின் முன்பக்கத்தில் புன்னகை வடிவில் ஒரு விரிசல் வரும். 'கேட்டலினா புன்னகை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கீல் போல்ட்டுகள் தளர்வதும், பழைய படகுகளில் கீலுக்கு மேலே ஃபைபருக்குள் வைத்த பிளைவுட் ஊறிப்போவதும் காரணங்கள். லேசான விரிசலைப் போல்ட்டை முறுக்கிப் பூசிச் சரிசெய்யலாம். பிளைவுட் கூழாகியிருந்தால் வேலை பெரிது. பாய்மரத்தின் பாரத்தைக் கேபினுக்குள் தாங்கும் கம்பத்தின் அடிக்கட்டையும் பழைய படகுகளில் உளுத்துப்போகும். தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்தக் கட்டையைக் குத்திப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேல்தளத்தைத் தேங்காய்போலத் தட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்வது அந்தக் காலத்து வழக்கம். கைப்பிடிக் கம்பிகளையும் கொக்கிகளையும் பொருத்திய துளைகளில் மழைநீர் இறங்கி உள்மரத்தை ஊறவைக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும், ஊறிய இடம் 'தொப்'பென்று அடங்கும். வெறுங்காலோடு நடந்தால் பாதம் அமுங்குவதும் தெரியும். பாய்மரத்தைப் பிடித்துநிறுத்தும் எஃகுக் கம்பிகளைப் பிணைக்கும் பட்டைத்தகடுகள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும். துளைக்குள் மறைந்திருக்கும் பகுதியில்தான் அவை அரிக்கும். கேபின் பலகையில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தால் அதுவே வாக்குமூலம். முடிந்தால் மழைநாளில் போய்ப் பார்ப்பது நல்லது. வெயில் நாளில் எந்தப் படகும் ஒழுகாது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். விற்பவர் 'நீங்கள் வருவதற்காக ஓட்டி வைத்திருக்கிறேன்' என்றால் அது உபசாரம் அல்ல. பழைய கேட்டலினாக்கள் சிலவற்றில் அடாமிக் 4 என்ற பெட்ரோல் இன்ஜின் இன்னும் இருக்கும். 1980-களின் நடுவரை சுமார் 40,000 இன்ஜின்கள் தயாரித்தார்கள். எளிமையானது, சத்தம் குறைவு. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். ஒவ்வொரு முறையும் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியை ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். குழந்தைகள் கூடவரும் படகுக்கு டீசல் இன்ஜினே நல்லது. அதற்காகப் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் புது டீசல் பொருத்தக் கிளம்பினால் செலவு பல நேரம் படகின் விலையையே தாண்டும். ஆகவே டீசல் ஏற்கெனவே இருக்கும் படகைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் சிக்கனம்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். இருபதாயிரம் டாலர் இருந்தால் பன்னிரண்டாயிரத்துக்குள் படகைப் பார்க்க வேண்டும். பாய் நைந்திருக்கும். எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும். படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்கும் வேலை ஓரிரு ஆண்டுக்கொருமுறை வந்துகொண்டே இருக்கும். வாங்குமுன் படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரின் கூலி முப்பதடிப் படகுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். கரையேற்றும் கிரேன் செலவு தனி. இந்தக் காசு வீண் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: சர்வே அறிக்கை இல்லாமல் பழைய படகுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம், காப்பீடு இல்லாவிட்டால் பல துறைகளில் கட்டவே விடமாட்டார்கள். அறிக்கையில் வரும் குறைகளைக் காட்டி விலையில் சர்வேயர் கூலியைவிடப் பல மடங்கு குறைக்கவும் முடியும்.

எந்தத் தண்ணீரில் போகிறோம் என்பதை வைத்தே கீலை முடிவுசெய்ய வேண்டும். செசபீக்கின் சராசரி ஆழம் சுமார் 21 அடிதான். ஓடைகளில் இன்னும் குறைவு. சாதாரணக் கேட்டலினா 30-இன் கீல் ஐந்தே காலடி இறங்கும். ஆழங்குறைந்த வகையோ நாலடி சொச்சத்தோடு நின்றுவிடும். அந்த ஓரடியில் நங்கூரம் போட எத்தனையோ நல்ல இடங்கள் திறக்கும். புளோரிடாவிலிருந்து பஹாமாஸ் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கும் இதே கணக்குதான்.

இதெல்லாம் அப்பாக்கள் பேசும் கணக்கு. விளம்பரத்தில் 'ஏழு பேர் படுக்கலாம்' என்று இருக்கும். ஏழு பேர் படுத்தால் சாமான் எங்கே போகும், இரவில் எழுபவர் யாரை மிதிப்பார் என்று அம்மாவும் பிள்ளைகளும்தான் கேட்பார்கள். படகின் உள்ளே ஒரு மழைநாளைக் கழிக்க முடியுமா, கழிப்பறை நாறுகிறதா, படகு சரிந்தாலும் அடுப்பு நேராக நிற்குமா, முன்பாயை ஒரு கயிற்றை இழுத்துச் சுருட்டிவிடலாமா என்பவையே படகு ஓடுமா கட்டிக் கிடக்குமா என்று தீர்மானிக்கும். முன்பாய் சுருளும் வசதி இருந்தால் ஒருவர் பாயைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ளலாம். ஓடும் படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்குட்பட்டவர் உயிர்காப்பு உடை அணிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசு விதி. அளவாகப் பொருந்தும் உடையை முதலிலேயே வாங்கி, படகு பார்க்கப் போகும்போதே பிள்ளைகளுக்கு மாட்டி அழைத்துப்போகலாம். அதைப் போட்டுக்கொண்டு கேபின் படியில் ஏறி இறங்க முடியாத பிள்ளைக்கு அந்தப் படகு ஆகாது.

பேரத்துக்கு ஏற்ற காலம் கண்காட்சி முடிந்த இலையுதிர்காலம். குளிர் வருமுன் படகைக் கரையேற்றி, இன்ஜினில் உறையாத திரவம் ஊற்றி, மூடி வைக்கும் செலவு விற்பவரின் கண்முன் நிற்கும். ஏப்ரலில் பதினைந்தாயிரத்துக்கு அசையாதவர் நவம்பரில் போன் எடுத்து அவரே கூப்பிடுவார்.